மாலைக்கண் முதல் ஆய்வுக்கூடம் வரை

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் மக்களின் கல்விக்கு விளக்கேற்றி வரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், அறிவியல் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். நாம் கலைப் பட்டம் பெற்று ஆசிரியப் பயிற்சி முடித்தவரேயன்றி அறிவியல் பயின்றவரல்லர். எனினும் இப்பொருளைப் பேச நமக்கு ஒரு கடன் உண்டு. அக்கடன் யாதென்பதை முதலில் சொல்லிவிடுதல் முறை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், நம் மக்கள் வாழும் குடியிருப்பொன்றில் மாலை வகுப்பு நடத்தி வந்தோம். மின்விளக்கு இல்லாத கொட்டகை, ஓர் அரிக்கேன் விளக்கு, முப்பது பிள்ளைகள். அவர்களுள் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பகலில் நன்றாகப் படிப்பான். பொழுது சாய்ந்தால் பலகையில் எழுதியதைப் படிக்க மாட்டான்; எழுந்து நடந்தால் பிற பிள்ளைகளின் மேல் இடறி விழுவான். அதனைக் குறும்பு என்று கொண்டோம். ஒரு நாள் அவன் விளக்கைத் தட்டிவிட்டுக் கண்ணாடியை உடைத்தபோது, பிரம்பெடுத்து அவன் கையில் அடித்தோம். அவன் அழவில்லை. “தெரியலைங்க சார்” என்று மட்டும் சொன்னான். தெரியவில்லை என்பதற்குப் பாடம் தெரியவில்லை என்று நாம் பொருள் கொண்டோம். அவன் சொன்னது கண் தெரியவில்லை என்பதை.

சில நாள் கழித்து அக்குடியிருப்புக்கு வந்த கிராமச் சுகாதாரச் செவிலியர் அவன் கண்களை விரித்துப் பார்த்தார். வெள்விழியில் சோப்பு நுரை ஒட்டினாற்போல் ஒரு புள்ளி இருந்தது. “சார், இது மாலைக்கண்” என்றார். மருந்து ஊற்றினார், சில நாட்களில் சிறுவன் அந்தியிலும் நடக்கத் தொடங்கினான். அவனுடைய தங்கை முந்தைய ஆண்டு மணல்வாரி அம்மையில் இறந்திருந்தாள். ஒன்றையும் மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்கும் அறிவு அன்று நமக்கு இல்லை. பட்டம் இரண்டு பெற்றும் அறியாமை நம்மை விட்டபாடில்லை. அந்தப் பிரம்படிக்கு நாம் செலுத்தும் வட்டியே இந்த உரை.

அன்பர்களே, மாலைக்கண்ணுக்குக் காரணம் உயிர்ச்சத்து ஏ குறைவு. 1913-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இச்சத்துக்கு ரெட்டினால் என்று பெயர். கண்ணின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் நிறமி ஒன்று உண்டு. அந்நிறமி உருவாவதற்கு இச்சத்து வேண்டும். இதனை விளக்கிய ஜார்ஜ் வால்டு என்பார் 1967-இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் இச்சத்தின் வேலை கண்ணோடு முடிவதன்று. 1925-ஆம் ஆண்டு வோல்பாக், ஹோவ் என்னும் இரு ஆய்வாளர்கள், இச்சத்து இல்லாத உணவை எலிகளுக்கு அளித்துப் பார்த்தனர். மூச்சுக்குழல், கண், சிறுநீர்ப்பாதை ஆகியவற்றின் ஈரமான உட்போர்வை, வறண்ட தோல் போல் தடித்துப் போயிருந்தது. வீட்டின் கதவு உளுத்துப்போனால் கள்வன் நுழைவது போல, இப்போர்வை கெட்டால் நோய்க்கிருமி நுழையும். மாலைக்கண் என்பது முன்னெச்சரிக்கை மணி. அதன் பின்னே வயிற்றுப்போக்கும் அம்மையும் சாவும் வரிசையில் நிற்கின்றன.

இதனை உலகுக்கு எண்ணிக்கையோடு மெய்ப்பித்தவற்றுள் ஒன்று நம் மண்ணில் நடந்த ஆய்வு என்பதை உங்களுள் எத்துணைப் பேர் அறிவீர்? பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். அந்தத் திருச்சி மாவட்டத்துச் சிற்றூர்களில், மதுரை அரவிந்த் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் லைலா ரஹ்மத்துல்லாவும் அவர்தம் குழுவினரும் 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டுக் காலம் வாரந்தோறும் பின்தொடர்ந்தனர். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வாரம் 8,333 அலகு உயிர்ச்சத்து ஏ, உடன் சிறிது உயிர்ச்சத்து ஈ. மற்றப் பிரிவுக்கு உயிர்ச்சத்து ஈ மட்டும். எக்குழந்தைக்கு எது என்பது மறைத்து வைக்கப்பட்டது. உயர்ந்த கருவி எதுவுமின்றி, சமுதாயச் சுகாதாரத் தொண்டர்கள் வாரந்தோறும் சென்று மருந்து ஊற்றிக் குறித்து வந்தனர். முடிவு 1990-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. அவ்வோராண்டில் இறந்த குழந்தைகள் 125 பேர். விபத்துச் சாவுகளை நீக்கிப் பார்த்தால், சத்துப் பெற்ற பிரிவில் சாவின் வாய்ப்பு மற்றப் பிரிவைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. மற்றதில் நூறு என்றால் இதில் நாற்பத்தாறு. மூன்று வயதுக்குட்பட்டோரிடமும், நெடுநாள் பசியால் வளர்ச்சி குன்றியோரிடமும் பயன் மிகுதியாகத் தெரிந்தது.

வாரம் 8,333 அலகு என்பது ஏதோ அரிய மருந்தளவு அன்று. நல்ல உணவு உண்ணும் வீட்டுக் குழந்தைக்குச் சோற்றோடு கிடைக்கக்கூடிய அளவை ஒத்தது. ஆகவே அந்த ஆய்வு சொன்னது யாது? ஏழையின் குழந்தை விதியால் இறக்கவில்லை. கிண்ணத்தில் இல்லாத ஒன்றால் இறந்தது.

உண்மையை ஒரு பக்கம் மட்டும் சொல்லுதல் ஆசிரியனுக்கு அழகன்று. இந்தோனேசியாவில் 1986-இல் வெளிவந்த ஆய்வு, இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் கூறிற்று. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில் குறைவு மிகச் சிறிதாகவே இருந்தது. காரணம் பற்றி அறிஞரிடையே வாதம் தொடர்கின்றது. ஒரு முடிவை மறுமுடிவால் உரசிப் பார்ப்பதே அறிவியலின் நாணயம். நம் நாட்டில் 1970 முதல் இச்சத்து வழங்கும் திட்டம் உள்ளது. ஒன்பதாம் மாதத்தில் தடுப்பூசியோடு ஒரு இலட்சம் அலகு. பின்னர் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை இரண்டு இலட்சம் அலகு. ஆக ஒன்பது தவணை. தாய்மார்கள் இதனைத் தவறவிடலாகாது. தாமாகக் கூட்டிக் கொடுக்கவும் கூடாது. இச்சத்து உடலில் தங்கும் தன்மையது, மிஞ்சினால் நஞ்சாகும்.

இனி, இச்சத்து உடலுக்குள் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதனை எப்படிக் கண்டார்கள் என்ற கதைக்கு வருவோம். இங்கேதான் ஆய்வுக்கூடத்தின் கதவு திறக்கின்றது.

உடலிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கலத்தில், ஊட்டமுள்ள நீர்மத்தில், உடலின் வெப்பமாகிய 37 பாகையில் வைத்து வாழச் செய்வதற்கு உயிரணு வளர்ப்பு என்று பெயர். நாற்றங்காலில் விதை பாவுவது போன்றதே. 1953-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஹானர் ஃபெல் அம்மையாரும் மெல்லன்பியும் கோழிக்கருவின் தோலை இவ்வாறு வளர்த்து, அதில் உயிர்ச்சத்து ஏயினை மிகுதியாகச் சேர்த்தனர். தோலாக வேண்டிய அணுக்கள் தோலாகவில்லை. சளி சுரக்கும் ஈரப் போர்வையாக மாறின. எலிகளிடம் சத்துக் குறைந்தபோது ஈரப் போர்வை வறண்ட தோலாயிற்று. இங்கே சத்து மிகுந்தபோது தோல் ஈரப் போர்வையாயிற்று. ஓர் அணு என்னவாக வளர வேண்டும் என்பதில் இச்சத்துக்குப் பங்குண்டு என்பது அதனால் தெளிவாயிற்று.

உடலில் ரெட்டினால் மாறி உண்டாகும் பொருளே ரெட்டினாயிக் அமிலம். அது அணுவின் உட்கருவினுள் புகுந்து, அங்குள்ள ஏற்பிகள் என்னும் புரதங்களோடு இணைந்து, எந்த மரபணு பேச வேண்டும், எது வாய் மூட வேண்டும் என்பதை நடத்துகின்றது. அந்த ஏற்பியை 1987-இல் பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்டு எவன்ஸ் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன.

நம் மாலை வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி இன்று ஓர் ஆய்வுக்கூடத்தில் இவ்வமிலத்தைக் கையாளுகின்றாள். விடுமுறைக்கு ஊர் வந்தபோது அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்லுகின்றோம்.

“ஐயா, அது மஞ்சள் நிறத்துப் பொடி. தண்ணீரில் கரையாது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். காற்றுப் பட்டாலும் கெடும். அதனால் மங்கலான வெளிச்சத்தில்தான் எடுப்போம், குப்பியைப் பளபளப்புத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் உறைய வைப்போம்” என்றாள்.

மாலை வெளிச்சத்தில் கண் தெரிய உதவும் சத்தின் பிள்ளை, பகல் வெளிச்சத்தில் கெட்டுப்போகின்றது! இயற்கையின் இவ்விந்தையை எண்ணி நாம் வியந்தோம்.

தண்ணீரில் கரையாததால் அதனை டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்னும் கரைப்பானில் கரைக்கின்றனர். ஒரு மில்லிலிட்டரில் மூன்று மில்லிகிராம் கரைத்து, அதனைப் பதினாயிரம் மடங்கு நீர்த்தால், பல ஆய்வுகளில் வழங்கும் ஒரு மைக்ரோமோலார் செறிவு கிடைக்கும். அஃதாவது ஒரு லிட்டர் ஊட்ட நீர்மத்தில் ஏறத்தாழ 0.3 மில்லிகிராம். எட்டாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் விகிதக் கணக்குத்தான் இது! கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைகள் இதனைக் கேட்கட்டும்.

இங்கே ஐயம் ஒன்று எழும். அணு மாறியது அமிலத்தாலா, கரைப்பானாலா? எனவே இரண்டாவது கலம் ஒன்றில் அமிலம் இல்லாமல் கரைப்பானை மட்டும் அதே அளவில் இட்டு, இரண்டையும் ஒப்பிடுகின்றனர். திருச்சிக் குழந்தைகளுள் ஒரு பிரிவுக்கு உயிர்ச்சத்து ஈ மட்டும் அளித்ததன் காரணமும் இதுவே. அணுக்களுக்கு ஊட்டமாக இடும் கன்றுக்கருவின் குருதித் தெளிநீரிலேயே சிறிது உயிர்ச்சத்து ஏ கலந்திருக்கும் என்பதால், நுட்பமான ஆய்வுகளில் கரித்தூள் கொண்டு அதனை நீக்கிய தெளிநீரைப் பயன்படுத்துகின்றனர் என்றும் அவள் கூறினாள். “இதை மறந்துவிட்டால் நாமே இட்டதை நாமே கண்டுபிடித்ததாக மகிழ்ந்துவிடுவோம் ஐயா” என்றாள். அன்று சிறுவனின் குறும்பைக் கண்டுபிடித்ததாக நாம் எண்ணியதும் அப்படிப்பட்டதே.

இவ்வமிலம் அணு வளர்ப்பில் செய்த பெரும்பணி ஒன்றைக் கேளுங்கள். இரத்தப் புற்றுநோயில், வெள்ளணுக்கள் முதிராமலே பெருகிக்கொண்டு போகும். அத்தகைய நோயாளி ஒருவரிடமிருந்து பெற்று வளர்க்கப்பட்ட எச்.எல்.60 என்னும் அணுக்களில் இவ்வமிலத்தை இட்டபோது, அவை சில நாட்களில் பெரும்பாலும் முதிர்ந்த வெள்ளணுக்களாக மாறின என்று 1980-இல் அமெரிக்காவில் பிரெய்ட்மன் குழுவினர் அறிவித்தனர். கலத்தில் நடந்தது மனிதரிடம் நடக்குமா? சீனத்தின் ஷாங்காய் நகரில் டாக்டர் வாங் சென்யீ குழுவினர், புரோமயலோசைட்டிக் என்னும் கொடிய வகை இரத்தப் புற்றுநோய் கொண்ட 24 பேருக்கு இவ்வமிலத்தை மாத்திரையாகக் கொடுத்து, நோய் தணிந்ததை 1988-இல் வெளியிட்டனர். இரத்தக் கசிவால் சில நாட்களில் உயிர் போக்கும் நோய், இன்று பெரும்பாலோர்க்குக் குணமாகும் நோயாகியுள்ளது.

நம் தமிழ்நாட்டின் பங்கும் இதில் உண்டு. அமிலத்தோடு வேதிச் சிகிச்சையும் செய்யப் பணம் இல்லாத நோயாளிகள் பலர் இருந்ததால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆர்சனிக் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தனர். பாஷாணம் என்று நம் முன்னோர் அஞ்சிய அதே ஆர்சனிக்குத்தான். ஆயினும் மருத்துவர் கையில், அளவறிந்து. 72 நோயாளிகளைப் பற்றி 2006-இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், நூற்றுக்கு எண்பத்தாறு பேரிடம் நோய் முற்றும் தணிந்திருந்தது. பின்னர் 2013-இல் ஐரோப்பிய ஆய்வொன்று, அவ்வமிலமும் ஆர்சனிக்கும் சேர்ந்தால், ஆபத்து மிகாத நோயாளிகளுக்கு வேதிச் சிகிச்சையே தேவையில்லை என்று காட்டிற்று. ஏழை நோயாளியை மனத்திற்கொண்டு எழுந்த கேள்வியும் உலக மருத்துவத்துக்கு ஒளி தரும் என்பதற்கு வேலூரே சான்று.

இச்சிகிச்சையின் தத்துவத்தை எண்ணிப் பாருங்கள். கெட்ட அணுவை நஞ்சிட்டு எரிப்பதன்று இவ்வமிலத்தின் வேலை. பாதியில் நின்றுவிட்ட அணுவை வளரச் செய்வது. பிரம்பு செய்ய முடியாததைச் செய்வது.

இளைஞர்களே, மற்றொரு செய்தியையும் மறைத்தலாகாது. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றியட்டா லேக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி புற்றுநோயால் இறந்தார். அவருடைய கட்டியிலிருந்து, அவரைக் கேளாமலே எடுத்த அணுக்கள் ஹீலா என்னும் பெயரில் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. குடும்பத்தாருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இது தெரியாது. அவ்வணுக்களால் பொருளீட்டிய நிறுவனம் ஒன்றோடு 2023-இல்தான் அவர்தம் வழித்தோன்றல்களுக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஒடுக்கப்பட்டோரின் உடல் அறிவியலுக்கு வேண்டும். அவர்தம் ஒப்புதல் வேண்டியதில்லை என்றிருந்த காலம் அது. ஆகவே அறிவியலை வெறுக்க வேண்டுமா? அன்று. யாரிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத் தம் வாழ்வால் அறிந்தவர்கள் அந்த மேசையின் மறுபக்கத்தில் அமர வேண்டும். ஆய்வுக்கு உட்படுவோராக மட்டும் நாம் இருந்தது போதும். ஆய்வு செய்வோராகவும் ஆவோம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இதே ரெட்டினாயிக் அமிலம், டிரெட்டினாயின் என்னும் பெயரில், முகப்பரு களிம்பாகக் கடைகளில் கிடைக்கின்றது. அதனோடு வெளுக்கச் செய்யும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பை நிறம் கூட்டும் பசை என்று எண்ணி, மருத்துவரைக் கேளாமல் பூசும் பழக்கம் நம் பிள்ளைகளிடையே பரவியுள்ளது. தோல் மெலிந்து சிவந்து எரிச்சலுறுவதே அதன் பலன். இச்சத்தின் உறவுப் பொருளாகிய ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கருவுற்ற பெண் உட்கொண்டால் குழந்தை ஊனமாகப் பிறக்கக்கூடும். ஆகவே மருத்துவரின் ஆணையின்றித் தொடாதீர்கள். கறுப்பு நோயன்று; அதற்கு மருந்து தேடுவதே நோய்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு நம் வேண்டுகோள்: கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் நடுங்கள். கீரையைச் சிறிது எண்ணெயிட்டு ஆக்குங்கள். எண்ணெய் இருந்தால்தான் அச்சத்து உடலில் சேரும். முட்டையும் ஈரலும் கிடைக்கும்போது முதற்பங்கு குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இருக்கட்டும். ஆட்டீரல் மாலைக்கண்ணுக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னதில் உண்மை உண்டு. ஈரலில்தான் இச்சத்து மிகுதியாகச் சேமிக்கப்படுகின்றது. அயோத்திதாசப் பண்டிதர் இதழாசிரியர் மட்டுமல்லர். சித்த மருத்துவரும் ஆவார். மருத்துவ அறிவு நம் மக்களுக்குப் புதியதன்று. அதனைக் கல்வியாக்கும் வாய்ப்புத்தான் மறுக்கப்பட்டிருந்தது.

மாணவர்களே, வழியைச் சொல்லாமல் ஊக்கம் மட்டும் ஊட்டுவது வெறும் மேடைப் பேச்சு. மருத்துவக் கல்லூரி ஒன்றே அறிவியல் அன்று. உயிரியல், வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகியவற்றில் இளநிலைப் பட்டம் பெறலாம். பின்னர் உதவித்தொகையோடு முதுநிலை பயிலக் கேட்-பி என்னும் நுழைவுத்தேர்வு உண்டு. ஆராய்ச்சிக்கு உதவித்தொகை பெற சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. கூட்டு நெட் தேர்வு உண்டு. பட்டியல் சாதி மாணவர்க்கென மையக் கல்வி உதவித்தொகையும் ஆராய்ச்சி உதவித்தொகையும் உள்ளன. 1982-இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் நமக்கு ஒரு பேருந்துத் தொலைவில் இருக்கின்றது. விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை என்று ஒரு பிள்ளையும் நிற்கக்கூடாது. அதற்காகவே இச்சங்கத்தின் ஒரு மேசை ஞாயிறுதோறும் திறந்திருக்க வேண்டும் என்று செயலாளர் அவர்களை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கின்றோம்.

நாம் அடித்த அச்சிறுவன் இன்று சிமெண்ட் ஆலை ஒன்றில் சரக்குந்து ஓட்டுகின்றான். இரவிலும் ஓட்டுகின்றான். சென்ற ஆண்டு அவனைக் கண்டு, கைகூப்பி, அன்று அடித்தது நம் பிழை என்றோம். அவன் சிரித்து, “அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லைங்க சார்” என்றான். பின்பு சிறிது நேரம் கழித்து, “பாப்பாவுக்கு அந்தச் சொட்டு மருந்து தவறாம கொடுக்கிறேன் சார்” என்றான். நினைவிருக்கின்றது என்பது நமக்குப் புரிந்தது.

கற்றவர் அறியாமல் செய்யும் பிழைக்கும் பிள்ளைகளே விலை கொடுக்கின்றனர். ஆதலின் கற்போம்; கற்றதைச் சரிபார்ப்போம்; பிள்ளைகள் தெரியவில்லை என்று சொன்னால், என்ன தெரியவில்லை என்று முதலில் கேட்போம்.